துணி அந்தப் பக்கம், பட்டன் இந்தப் பக்கம்

அந்த மனுஷனுக்குச் சும்மா உட்காரவே வராது. கடைத்தெருவில் போய்ப் பட்டன்கடைக்காரர் என்று கேட்டுப் பாருங்கள், கேட்ட வாய் மூடுவதற்குள் கை காட்டுவார்கள். அப்பா விட்டுப்போன கடை. ஒருத்தர் உள்ளே நுழைய வேண்டுமென்றால் இன்னொருத்தர் வெளியே வந்தாக வேண்டும், அவ்வளவுதான் அகலம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பா, ஒவ்வொரு டப்பாவின் முகத்திலும் உள்ளே இருக்கிற பட்டனில் ஒன்று. நூல்கண்டு, ஜிப், லைனிங் துணி எல்லாம் பின்னால். எதிர்வரிசையில் துணி எடுத்தவர்கள் அப்படியே தெருவைக் கடந்து இவரிடம் வந்து, துணியைப் பிரித்து, "இதுக்குச் சேருற மாதிரி குடுங்க" என்பார்கள். இவர் ஏணியில் ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். ஏறிக்கொண்டே பேசுவார். வாய்க்கும் காலுக்கும் ஓய்வே கிடையாது.

அந்த நோய் வந்த காலத்தில் தெருவில் கூட்டம் சேரக்கூடாது என்று ஓர் ஏற்பாடு போட்டார்கள். இடது வரிசைக் கடைகள் ஒருநாள், வலது வரிசைக் கடைகள் மறுநாள். அப்போது அது நியாயம்தான், யாரும் குறை சொல்லவில்லை. நோய் போனது. ஏற்பாடு மட்டும் போகவில்லை! துணிக்கடையெல்லாம் வலது பக்கம், பட்டனும் நூலும் லைனிங்கும் இடது பக்கம். துணி எடுக்கிற நாளில் பட்டன் கிடைக்காது, பட்டன் வாங்கலாம் என்று வந்தால் துணி கிடையாது. ஒரு சட்டைக்கு இரண்டு தடவை யார் அலைவார்கள்? ஜனங்கள் ரெடிமேட் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

கடை திறக்கிற நாளில் அவர் ஈ ஓட்டினார். திறக்காத நாளில் வீட்டைப் படுத்தினார். சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். உப்பைத் தேடி அவர் சம்சாரம் அழாத குறை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார், விட்ட கீலுக்கே மறுபடி விட்டார். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார்.

"ஏங்க, ஒரு இடத்துல உட்காருங்களேன். உங்களைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள் அவள்.

"உட்கார்ந்தா கடை ஞாபகம் வருது. இன்னும் ஆறு மாசம் இப்படியே போச்சுன்னா இழுத்து மூட வேண்டியதுதான். மூடிட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

ஏணியில் ஏறி இறங்குவதைத் தவிர அவருக்கு என்ன தெரியும், பாவம்!

அப்போதுதான் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர் ஆள் அனுப்பினார். நோய்க்குப் பிறகு பொருளாதாரத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று அரசாங்கமும் வியாபாரிகளும் பேசப் போகிறார்களாம். அரசாங்கச் செயலாளரே நேரில் வருகிறாராம். இடது வரிசைக்காக யார் பேசுவது? வாய் உள்ளவர் யார்? பட்டன்கடைக்காரரை விட்டால் ஆள் ஏது!

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஒத்திகை. சம்சாரம்தான் செயலாளர். காய் நறுக்கிக்கொண்டே அவள் தலையை ஆட்ட, இவர் எதிரில் நின்று பேசுவார். "ஐயா, துணி அந்தப் பக்கம், பட்டன் இந்தப் பக்கம். ரெண்டும் ஒரே நாள் திறந்தாத்தான் ரெண்டுக்கும் பொழைப்பு. இந்த ஏற்பாட்டை எடுத்துடுங்க." அவ்வளவுதான் பேச்சு. சுருக்கமாக, சுத்தமாக இருந்தது. அவளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கூட்டம் பெரிய குளிரூட்டிய மண்டபத்தில். தொழிற்சாலைக்காரர்கள் முதலில் பேசினார்கள். திரையில் கோடு கோடாகக் காட்டினார்கள். கோடு கீழே போனது, மேலே வந்தது. வங்கிக்காரர் பேசினார். ஏற்றுமதிக்காரர் பேசினார். பட்டன்கடைக்காரருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆட்டினார், தண்ணீர் குடித்தார், சட்டைப் பட்டனைக் கழற்றி மாட்டினார். பக்கத்தில் எதிர்க்கடைத் துணிக்காரர். சொந்தமில்லைதான், ஆனால் சின்ன வயதிலிருந்தே ஒருவருக்கொருவர் மச்சான். "ஏன்டா நெளியற? சும்மா இரு" என்று தொடையில் தட்டினார். பின்வரிசையில், இவருக்கு நம்பிக்கையின் பேரில் கடனுக்குச் சரக்குப் போடுகிற மொத்த வியாபாரி வேறு வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாகக் கடைத்தெருவின் முறை வந்தது. மைக் இவர் கைக்கு வந்தது. எழுந்தார். தொண்டையைச் செருமினார். "ஐயா..." என்று ஆரம்பிப்பதற்குள் செயலாளர் சிரித்த முகமாக, "வாங்க வாங்க. வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டார்.

கேட்கக்கூடாத கேள்வி அது! கடைக்காரனைப் பார்த்து நாலு பேர் நடுவில் அப்படிக் கேட்டால், செத்தாலும் அவன் வாயிலிருந்து 'இல்லை' வராது. அப்பா கல்லாவில் உட்காரவைத்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. வியாபாரம் இல்லை என்று வெளியே தெரிந்தால் வாங்குகிறவனும் வரமாட்டான், சரக்குத் தருகிறவனும் தரமாட்டான். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அதே பாடம்தான். இத்தனை வருஷம் பழகின நாக்கு, யோசிக்கவா போகிறது?

"அதுக்கென்னங்க, நல்லா போகுது!" என்றார்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"சந்தோஷம். அப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்பாடு உங்களுக்கு ஒத்துப்போயிடுச்சு, நெரிசலும் இல்லை" என்று செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி எழுதிக்கொள்ளச் சொன்னார். இவர் வாயைத் திறப்பதற்குள் மைக் துணிக்காரர் கைக்குப் போய்விட்டது. "நமக்கும் ஒண்ணும் குறையில்லைங்க" என்றார் துணிக்காரர். அடுத்து செருப்புக்கடை, பாத்திரக்கடை, பை கடை. எல்லாரும் அமோகம்!

இவர் பாதி எழுந்தார். திரும்பிப் பார்த்தார். மொத்த வியாபாரி இவரைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். எல்லாருக்கும் நன்றாகப் போகும்போது நான் மட்டும் எழுந்து, என் கடை படுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. கடைத்தெரு வியாபாரிகளின் கருத்தைக் கேட்டறிந்த பிறகு, அந்த ஏற்பாடு நிரந்தரம். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிக்கொண்டார். ராத்திரி பகல் தூக்கம் போனது. "பேசினீங்கதானே? நாம ஒத்திகை பாத்த மாதிரியே பேசினீங்கதானே?" என்று சம்சாரம் கேட்டபோது, குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் மனுஷன் சும்மா இருப்பாரா? ஒரு யோசனை வந்தது. மச்சான் கடை பெரிய கடை. வலது வரிசை திறக்கிற நாளில் அங்கே ஒரு மூலையில் சின்ன மேஜை கிடைத்தால் போதும். நாலு டப்பா பட்டனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் துணி எடுப்பவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். மச்சான் மாட்டேன் என்றா சொல்லப் போகிறான்? ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, இரண்டு பையில் டப்பாக்களை அடைத்துக்கொண்டு, மூடியிருந்த தன் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவைக் கடந்தார்.

துணிக்கடை வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் புதுக் கண்ணாடி அலமாரி. அடுக்கடுக்காகப் பட்டன். நூல்கண்டு. ஜிப்.

"வாடா வாடா!" என்று துணிக்காரர் எழுந்து வந்தார். பையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன மச்சான் இது?" என்றார் இவர்.

"நீதானே அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி மைக்கைப் புடிச்சுச் சொன்னே? பட்டன் நல்லா போகுதுன்னு. அதான் நானும் கொஞ்சம் வாங்கிப் போட்டுப் பாக்கலாம்னு..."

"பொய்டா!" கத்தியேவிட்டார். "பொய் சொன்னேன். ரெண்டு வருஷமா எனக்கு வியாபாரமே இல்ல. கடையை மூடப் போறேன். உங்கிட்ட ஒரு மேஜை கேக்கத்தான் வந்தேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த 'இல்லை' அவர் வாயிலிருந்து வந்தது. பையைக் கீழே வைத்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, துடைக்கக்கூட இல்லை. "உனக்கென்ன குறை மச்சான்? துணி நல்லா போகுது. பட்டனையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?"

துணிக்காரர் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் பட்டன்கடைக்காரரும் பார்த்தார். உள்ளே ஒரு ஆள் இல்லை. மேல்தட்டுத் துணிக்கட்டுகள் மேல் தூசி படிந்திருந்தது.

"துணி நல்லா போனா," என்றார் துணிக்காரர், மெதுவாக, "நான் எதுக்குடா பட்டன் வாங்குறேன்?"