இடது பக்கம் கம்மி

எங்கள் தெருவில் ஒரு பாட்டு செட்டு நல்ல செட்டா என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. அதன் தலையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை வைத்துப் பாட்டைப் போடுவார்கள். டம்ளர் நகர்ந்தால் செட்டு நல்லது. நகர்ந்து கீழே விழுந்தால் மிக நல்லது. பாடியது யார், சொல் புரிந்ததா என்றெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. "இன்னா அதிர்து பாத்தியா" என்பதோடு ரசனை முடிந்துவிடும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் கடந்தாலும்தான் திருவொற்றியூரில் வீட்டு டம்ளர் நகர்கிறது. அந்தக் கணக்கில் டிரெய்லர்கூட நல்ல செட்டுதான்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு வாய் வராது. கேலியெல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓடி உள்ளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

என் மனைவியின் தம்பி டம்ளர் கட்சியில் முக்கியப் புள்ளி. அவனிடம் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு டவர் ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. முன்பக்கம் பச்சையும் சிவப்புமாக விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கும், ஐஸ் வண்டி மாதிரி. அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கியதும் பழையதை எங்கள் தலையில் கட்ட வந்தான். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு அடுப்படி. பழைய டிவி போன பிறகு ஷோகேஸ் பக்கத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே வைக்கலாம் என்று அவனே அளந்தும் பார்த்துவிட்டான்.

"நானே ஒண்ணு செய்றேன்" என்றேன்.

வீட்டில் நான் முழுதாக ஒரு வாக்கியம் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, நீ பேசறதே கேக்காது. நீ செய்ற செட்டா கேக்கப்போவுது?"

என் மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். "ரெண்டு பொட்டிக்கு என் வூட்ல எடமில்ல. அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. எனக்கு எது புடிக்குதோ அது நிக்கும். இன்னொண்ணு தெருவுக்கு."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அந்த ஹாலில் நான் வைத்த பொருள் என்று ஒன்று கிடையாது. ஷோகேஸில் இருக்கும் பொம்மை, கடிகாரம், பிளாஸ்டிக் பூ எல்லாம் மனைவி வீட்டார் கொடுத்தவை. அந்த இரண்டடி இடம் எனக்கு வேண்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பத்தாவதோடு நின்றவன் நான். ரேடியோ பிரித்துப் பார்க்கிற பழக்கம் அப்போதே உண்டு. மிச்சத்தை செல்போன் வீடியோவில் பார்த்தேன். "ஹாய் மக்களே" என்று தொடங்கிப் பத்து நிமிடம் தன் சேனலைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசி ஒரு நிமிடத்தில் வயரை எங்கே சேர்க்க வேண்டும் என்பதைத் தப்பாகச் சொல்கிறவர்கள் அவர்கள். பத்துப் பேர் சொன்னதில் பொதுவாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று, அதில் சத்தத்தைக் கூட்ட இடதுக்கு ஒரு ஐசி, வலதுக்கு ஒரு ஐசி. கரண்டுக்குப் பழைய லேப்டாப் சார்ஜர். சாத்தாங்காட்டில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் வேலை செய்யும் இரும்புக் கடையில் விழுந்த துண்டுத் தகட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி, மடக்கி, சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி செய்தேன். சூடு இறங்க அதன் முதுகில் ஒரு அலுமினியத் துண்டு. முன்னால் ஒரே ஒரு திருகு, சத்தத்துக்கு. இடது வலதைச் சரிசெய்ய பேலன்ஸ் என்று இன்னொரு திருகு வைப்பார்கள். நான் வைக்கவில்லை. ஒழுங்காகச் செய்யத் தெரியாதவனுக்குத்தான் அது தேவை என்பது என் எண்ணம். பார்சல் வந்த மரப்பலகையில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள். எல்லாம் சேர்ந்து ஒரு கட்டைப்பையில் அடங்கிவிடும்.

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துப் பார்த்தேன். தகடு வெட்டும் மெஷினில் என்னோடு நிற்கிற மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். மூவரும் பழைய ஆட்கள். பாட்டு வந்தது. சுத்தமாக வந்தது. இரண்டு பெட்டியும் சமமாகப் பாடினால் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும். ஆனால் பாடுகிறவர் நடுவில் நிற்காமல் வலது பக்கமாக ஒதுங்கி நின்றார்.

"லெஃப்ட்டு கம்மியா கீது மாமு" என்றார் மூத்தவர்.

"ஆமா நைனா. லெஃப்ட்டுல ஒண்ணுமே இல்ல" என்றார் இன்னொருவர்.

வயரை இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் இடதுதான் கம்மி. ஸ்பீக்கரை மாற்றினேன். இடதுதான் கம்மி. எதை மாற்றினாலும் குறை மாறாமல் அதே பக்கம் நின்றால் கோளாறு பெட்டியில் இல்லை என்று அர்த்தம். ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கே இது விளங்கும். நாங்கள் கொட்டகைத் தகரத்தின்மேல் பழியைப் போட்டோம். எடை மேடைப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். அங்கேயும் அப்படியே. "அப்ப போர்டுலதான் கோளாறு" என்று நால்வரும் முடிவு செய்தோம். இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு ரெசிஸ்டரைப் பெரியதாக மாற்றினேன். மாற்றினால் அந்தப் பக்கச் சத்தம் கூடும். இரண்டு முறை மாற்றிய பிறகு பாடுகிறவர் நடுவில் வந்து நின்றார்.

"கோயில் சிலையாட்டம் நிக்குது பாரு" என்றார் மூத்தவர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலில் டவர். அவன் டம்ளரை வைத்தான். பாட்டு தொடங்கியதும் ஜன்னல் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, என் பல் எல்லாம் ஆடின. டம்ளர் ஓரம்வரை நடந்து போய்த் தரையில் விழுந்தது. அவன் கையைத் தட்டினான். அவன் அக்கா டம்ளரை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா குட்த டம்ளருடா இது. நெளிஞ்சி போச்சி. நிறுத்து அத."

பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் டப்பாவை வைத்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். என் இடது கைப்பக்கம் அடுப்படி, வலது கைப்பக்கம் வாசல். பாடுகிறவர் நேர் நடுவில் நின்றார்.

"இன்னாயா இது, பாட்டு முச்சூடும் அடுப்புப் பக்கமே கீது?" என்றாள் மனைவி. "வாசப் பக்கத்துப் பொட்டி சும்மா அழகுக்கா?"

சீரியல் கேட்டு வளர்ந்த காது, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் எழுந்து வந்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் தலையை நீட்டினான். "நெஜமாத்தான் மாமா. ஒரு பக்கந்தான் வருது. ஒத்தக் காதுக்காரனுக்குச் செஞ்சியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. டீ போட அடுப்படிக்குப் போனாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அக்கா மூணு தபா கூப்டுது."

அவள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். சர்க்கரை போடவா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

"கடைல அந்த மெஷினு எந்தப் பக்கம்யா ஓடுது?" என்றாள்.

நாளெல்லாம் காதைப் பிளக்கிற வெட்டும் மெஷினின் பெரிய சக்கரம் நாங்கள் நிற்கிற இடத்துக்கு இடது கோடியில் இருக்கிறது. தகட்டைத் தள்ளுகிற நால்வரும் ஒரே வரிசையில், ஒரே பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வேறு மாதிரி நிற்க வழியில்லை. நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"பதினெட்டு வருசமா திமிருன்னு நெனச்சிக்கினு கீறேன்" என்றாள். "அடுப்பாண்ட நின்னு கூப்டா திரும்ப மாட்டான், அவ்ளோ திமிரு இந்த ஆளுக்குன்னு எங்கம்மாகிட்டகூட சொன்னேன்."

டம்ளர் கட்சிக்காரன் தரையைப் பார்த்தான். சால்டரிங் கம்பியைச் சூடாக்கிப் பழைய ரெசிஸ்டரையே திரும்ப வைத்தேன். பத்து நிமிட வேலை. பாட்டைப் போட்டேன்.

"இப்ப நடுவுல கீது" என்றாள். பிறகு தம்பியிடம், "உன் கோபுரத்தத் தூக்கினு போ."

என் டப்பா இப்போது ஷோகேஸ் பக்கத்தில் அந்த இரண்டடி இடத்தில் இருக்கிறது. அதிகபட்சம் ஒன்றரை அடிதான் அடைக்கிறது. பாடுகிறவர் எனக்கு மட்டும் வாசல் பக்கம் ஒதுங்கி நின்று பாடுகிறார், செருப்பைக் கழற்றாத விருந்தாளி மாதிரி. அவள் இப்போதெல்லாம் அடுப்படியிலிருந்து கூப்பிடுவதில்லை. வந்து வலது பக்கம் நின்று கேட்கிறாள். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை கடையில் விஷயத்தைச் சொன்னேன். மூத்தவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"நாலு பேரு கேட்டோம்ல மாமு? நாலு பேருக்கும் நடுவுலதான நின்னுது? ஒரு பொம்பள சொல்லிச்சின்னு மாத்திட்டியா?" மற்றவர்களைப் பார்த்தார். "வூட்ல அவுங்களுக்கு காதுல இன்னாமோ கோளாறு கீது. ஒரு தபா டாக்டராண்ட காட்டு."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மெஷின் கிளம்பியது. நால்வரும் அதே வரிசையில் போய் நின்றோம்.