அந்தாண்ட

எங்கள் ஊரான ஓரிக்கையில் என் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவே இருந்த பழைய தகர வேலியை எடுக்க, வீடு இடிக்கும் காண்டிராக்டர் ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். புருவத்தில்கூடச் சுண்ணாம்புத் தூசி படிந்த மனிதர். ஒவ்வொரு தகரத்தையும் நெம்பும் முன் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்.

“அந்தாண்ட யார்னா இருந்தா தள்ளி நில்லுங்கபா.”

கொஞ்சம் காத்திருந்துதான் கடப்பாரையை வைப்பார்.

“அந்தாண்ட யாரும் இல்லீங்க. ஒண்டிக்கட்டையா இருந்த அண்ணன் போன மாசம் தவறிட்டாரு” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்புறம் யாரு வந்து போக சார் வேலிய எடுக்கறீங்க?”

நான் கழற்றிய தகரத்தை ஓரமாக இழுத்துப் போட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஆனால் கடைசித் தகரம் வரை குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது இடம் விசாலமாகத்தான் இருக்கிறது. ‘அந்தாண்ட’ என்று சொல்லத்தான் எனக்கு ஒரு பக்கம் இல்லை.