அழுமூஞ்சி என்று பேர் வாங்கியவள்

நவி மும்பையில் எங்கள் நெருள் தமிழ்ச் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த பழைய நடிகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. நாலு மாதம் நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் ஒரே நடிகையைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஐந்தாவதாக என்னைக் கேட்டார்கள். நான் சொன்ன பெயரைக் கேட்டதும் செயலாளர், "அந்த அழுமூஞ்சியா மாமி?" என்றார். எனக்குக் கோபம் வந்தால் மறைக்கத் தெரியாது. அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாலும் மைக்கைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால், "ஓ, இவளா" என்பார்கள். கதாநாயகனின் முதல் மனைவி. டிபி வந்த தங்கை. இடைவேளைக்குள் தாலியை இழக்கிற அண்ணி. இருபது வருஷம் இதையேதான் கொடுத்தார்கள், அவளும் செய்தாள். டூயட் கிடையாது. போஸ்டரில் ஒரு மூலையில் தபால் தலை அளவுக்கு அவள் முகம் இருக்கும், அதுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரிட்டையர் ஆன பிறகு அவளுடைய படங்களை ஒவ்வொன்றாக மொபைலில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். சின்ன வயதில் காரணம் தெரியாமல் பிடித்தது, இப்போது காரணத்தோடு பிடிக்கிறது. மற்ற நடிகைகள் இடுப்பில் குடத்தோடு வருவார்கள். அது காலிக் குடம் என்று மணிக்கட்டைப் பார்த்தாலே தெரியும். இவள் குடத்தில் தண்ணீர் இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள், புடவையில் ஈரம் இறங்கும். சட்டைக்குப் பொத்தான் தைத்தால் முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். கேமரா அந்தப் பக்கம் கதாநாயகியின் முகத்தில் இருக்கும்போது, பின்னால் மங்கலாக இவள் பாட்டுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாளே, அதற்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இவ்வளவு பிடித்தவளைப் பற்றி என் சொந்த அக்காவிடம் மட்டும் நான் பேசியதில்லை. அதற்குக் காரணம் நான் எட்டு வயதில் செய்த ஒரு காரியம்.

அப்போது மாதுங்காவில் இருந்தோம். ஞாயிறு காலையில் அங்கே ஒரு தியேட்டரில் தமிழ்ப் படம் போடுவார்கள். ஒரு வாரம் இவள் நடித்த படம் பார்த்துவிட்டு வந்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உலகத்திலேயே அழகி இவள்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். அடுத்த ஞாயிறு அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு அம்பர்நாத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. எல்லாருக்கும் பிடித்துப்போன மாதிரிதான் இருந்தது. பையனின் அம்மா என்னை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, உங்க அக்கா எந்த சினிமா ஸ்டார் மாதிரி இருக்கா சொல்லு பார்ப்போம் என்று விளையாட்டாகக் கேட்டாள்.

நான் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன், போன வாரம் பார்த்த படத்தில் புருஷனை இழந்துவிட்டு இருமி இருமிச் செத்துப் போவாளே, அவள் மாதிரியே என்று.

அந்த அம்மாள் என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். பாதி குடித்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பதில் எழுதுகிறோம் என்று போனவர்களிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. அவர்கள் படியிறங்கியதும் அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் விஷயம் பரவி, அக்காவுக்கு அந்த நடிகையின் பெயரே பட்டப்பெயராக நின்றுவிட்டது. அடுத்த வரன் அமைய ஆறு வருஷம் ஆயிற்று. செம்பூரில் இரண்டு குழந்தைகளோடு மனைவியை இழந்திருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். நல்ல மனிதர்தான், குழந்தைகளும் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். பொறுமைக்கு இவளைச் சொல்ல வேண்டும் என்று உறவில் எல்லாரும் சொல்வார்கள். டிவியில் அந்த நடிகையின் படம் வந்தால் மட்டும் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். அதற்கு மேல் அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

சங்கத்தில் பேசுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் சங்கத்துக்காரர்கள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள். மூன்றாம் மனுஷர் வழியாக அது அவளிடம் போகக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறி செம்பூருக்குப் போனேன். அக்காவுக்கு இப்போது எழுபத்தாறு. அத்திம்பேர் போய் ஐந்து வருஷமாகிறது. விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உள்ளே போவாள் என்றுதான் நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எந்தக் காட்சியைப் பற்றிப் பேசப் போகிறாய், காட்டு என்றாள்.

மொபைலைத் தட்டிக் காட்டினேன். புருஷன் வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறான். முதல் மனைவி ஆரத்தித் தட்டோடு வருகிறாள். கேமரா புதுப்பெண்ணின் முகத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. இவள் ஓரத்தில் பாதி தெரிகிறாள். தட்டைச் சுற்றுகிறாள், பொட்டு வைக்கிறாள், போய் வாசல் கோலத்தில் ஆரத்தியைக் கொட்டிவிட்டு உள்ளே போகிறாள். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. இப்படி அழுகையை விழுங்கிக் காட்ட வேறு நடிகை பிறக்கவில்லை என்று நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்.

"அழறாளா? இவளா?" என்றாள் அக்கா. மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

"கையைப் பாருடீ. அழறவ இவ்வளவு வேகமா சுத்துவாளா? ஆரத்தியைக் கொட்டறாளா, வீசி அடிக்கறாளா? அவளுக்குக் கோபம்டீ. உங்க யாருக்குமே தெரியலையா?"

மூன்றாவது முறை நானே போட்டுப் பார்த்தேன். சிவப்புத் தண்ணீர் கோலத்தைத் தாண்டித் தெருவில் போய்த் தெறிக்கிறது. எத்தனையோ தடவை பார்த்தவள் நான். குடத்தில் தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடித்தவள். இதைப் பார்க்கவில்லை.

உனக்கு எப்படிப் பார்த்ததும் தெரிந்தது என்று கேட்டேன்.

"உன் கல்யாணத்துல நான்தானே ஆரத்தி எடுத்தேன். நானும் இப்படித்தான் கொட்டினேன். நீ போட்டோகிராபரைப் பார்த்துண்டிருந்தே."

என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என் மேல் கோபமா, இத்தனை வருஷமுமா என்று கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். ஒரு வரன் தட்டிப்போனதற்காக இல்லையாம். நாலு பேர் நடுவில், கூடப் பிறந்தவளே தன்னைச் சாவுக்களை உள்ளவள் என்று கேலி செய்துவிட்டாளே என்றுதானாம். அதற்கப்புறம் கண்ணாடி பார்க்கிறபோதெல்லாம் அது ஞாபகம் வருமாம்.

"கேலியா?" என்றேன். அந்த வயதில் எனக்கு அந்த நடிகையை விட அழகான முகம் எதுவும் தெரியாது, உலகத்திலேயே அழகி யாரோ அவளைப் போல என் அக்கா இருக்கிறாள் என்று பெருமையடித்துக்கொண்டேன், அவ்வளவுதான், சத்தியம் என்றேன். அம்மா கிள்ளியதில் வாயை மூடியவள் நான், அப்புறம் வெட்கத்தில் திறக்கவே இல்லை. மன்னித்துக்கொள் என்று அவள் கையைப் பிடித்தேன். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து.

மொபைலில் அந்த நடிகை தட்டோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதாடீ," என்றாள். "இவ படம் ஒண்ணு விடாம பார்த்திருப்பேனே."