பீப்பாய்ப் பாட்டின் கடைசி அடி

அமெரிக்காவின் கென்டக்கி மலையில் பீப்பாய்ப் பாட்டு தெரியாதவர் கிடையாது. கள்ளச் சாராயம் காய்ச்சிய புருஷன் ஷெரீப் என்கிற போலீஸ் அதிகாரிக்குப் பயந்து மாவுப் பீப்பாய்க்குள் ஒளிவான். பெண்டாட்டி அந்தப் பீப்பாயை வியாபாரிக்கு விற்றுவிடுவாள். அது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பாட்டு. கடைசி அடியில்தான் தகராறு. ஒரு இசைத்தட்டில் அவள் அழுதுகொண்டே ஓடிப்போய்ப் பீப்பாயைத் திரும்ப வாங்குகிறாள். இன்னொன்றில் வியாபாரியையே கட்டிக்கொள்கிறாள். நாஷ்வில் பாடகி ஒருத்தி பாடியதில், உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே விற்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் சமைக்கும் ஓமாவின் புருஷன் டென்சில், சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஹோபார்ட்டின் தீவனக் கடையில் இதைப் பாடுவான்; கடைசி அடி மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும். ஹோபார்ட் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசிப்பான். கடைசி அடி வந்ததும் டென்சில் ஓமாவைப் பார்த்துக் கண்ணடிப்பான். "மானங்கெட்ட மனுஷா!" என்று கைத்துண்டை அவன்மேல் எறிந்துவிட்டு அவள் வெளியே போய்விடுவாள். உள்ளே சிரிப்பு வெடிக்கும். முப்பத்தொரு வருஷமாக இதே கூத்து. ஊரே கேட்ட அந்த அடியை அவள் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் மாதம் டென்சில் அவளுடைய பன்னிரண்டு முட்டைக் கோழிகளைக் கொடுத்து ஒரு வேட்டை நாயை மாற்றிக்கொண்டு வந்தான். அணில் எதிரே வந்தாலும் கொட்டாவி விடுகிற நாய். ஓமா அவனோடு பேச்சை நிறுத்தினாள். அந்தச் சனிக்கிழமை பாட்டுக்கும் போகவில்லை. திங்கட்கிழமை உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்தவன் நிமிரவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. கடைசியாக எந்த அடியைப் பாடினான்? ஓடிப்போய் மீட்கிறவளையா, கைகழுவுகிறவளையா? தன்மேல் கோபத்தோடேயே போய்ச் சேர்ந்தானா?

"திரும்ப வாங்குவாளே, அதைத்தான் அண்ணன் பாடினான், அண்ணி. என் காதால கேட்டேன்" என்றாள் நாத்தனார் வர்னா.

"இல்லவே இல்ல ஓமா. வியாபாரியக் கட்டிக்கிறதுதான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்றான் ஹோபார்ட். முடிவெட்டுகிறவரைக் கேட்டால் அவர் நாஷ்வில் பாடகியின் அடியை முழுசாகப் பாடியே காட்டினார்.

ஓமா மூன்று இசைத்தட்டுகளையும் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டாள். மூன்றிலும் டென்சில் குரல் கேட்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. பள்ளிக்கூட பீன்ஸில் இரண்டு தரம் உப்பைப் போட்டாள்.

ஒருநாள் ஹோபார்ட் லாரியோடு வந்து நின்றான். "ஏ ஓமா, அன்னைக்கு நான் கேசட்டுல பிடிச்சேன்! சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. வந்து கேளு, நான் சொன்னதுதான் இருக்கும்."

கேசட்டில் டென்சில் பாடினான். ஷெரீப் வந்தார், பீப்பாய் விலைபோனது. பிறகு பாஞ்சோ மட்டும் கொஞ்சம் ஓடி நின்றது. டென்சில் தொண்டையைச் செருமினான்.

"போதும்ப்பா. கடைசி அடிக்கு எழுந்து போறவ இன்னைக்கு வரல. வந்தப்புறம் பாடிக்கலாம்."

ஹோபார்ட் பிடரியைச் சொறிந்தான். "சத்தியமா கேட்ட ஞாபகம் இருக்கே!"

"ரேடியோவுல கேட்டிருப்ப, கிறுக்கா" என்றாள் ஓமா.

மே மாதக் கடைசி ஞாயிறு, ஊரார் மேட்டில் இருக்கிற கல்லறைகளைக் கூட்டிப் பூ வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடைகளை அங்கேயே பிரித்தார்கள். டென்சில் கல்லறைப் பக்கத்தில் அந்த நாய் படுத்துத் தூங்கியது. ஹோபார்ட் பாஞ்சோவை எடுத்தான்.

"எந்த அடியப் பாடட்டும் ஓமா?"

"எதையாவது பாடு."

பீப்பாய் விலைபோனது. ஹோபார்ட் அடுத்த அடிக்கு வாயைத் திறந்தான். ஓமா எழுந்து, கைத்துண்டைக் கல்லறைமேல் எறிந்தாள்.

"மானங்கெட்ட மனுஷா!"

சரிவில் விறுவிறுவென்று இறங்கினாள். மேலே எல்லோரும் சிரிப்பது கேட்டது. ஹோபார்ட் எந்த அடியைப் பாடினான் என்று அவள் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.