விழுந்து பார்க்கிற எலாடியோ

வலது தோள் முதலில், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை. எலாடியோ ப்ராத்வெய்ட் பொத்தென்று விழுந்து அப்படியே மல்லாந்து கிடக்கிறார். கூரைத் தகரத்தைப் பார்க்கிறார். உதட்டுக்குள் என்னவோ முனகுகிறார். பிறகு ஒரு கையை ஊன்றி, "அம்மாடி" என்று எழுந்து, இரண்டடி தள்ளிப்போய் நின்று, மறுபடியும் விழுகிறார். நீல மூலையில் நாலு தடவை, சிவப்பு மூலையில் நாலு தடவை, நடுவில் ஒன்பது தடவை. அறுபத்து மூன்று வயது, இருநூற்றுப் பத்துப் பவுண்டு உடம்பு. கொலோன் துறைமுக ஊரில் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற அரங்கத்தில் சனிக்கிழமை குத்துச்சண்டை என்றால், வெள்ளிக்கிழமை காலை இந்தக் கூத்து கட்டாயம் உண்டு.

ரிங்குக்குத் தரை போடுவது அவர் வேலை. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் கம்பளி விரிப்பு, அதற்கு மேல் கித்தான். கித்தானை நாலு பக்கமும் கயிறு கோத்து இழுத்துக் கட்டிவிட்டால் தரை தயார். துறைமுகத்தில் தச்சராக இருந்தவர், இருபத்தாறு வருஷமாக இதையும் பார்த்துக்கொள்கிறார். யாராவது செருப்போடு ஏறிவிட்டால் போச்சு. "சர்ச்சுக்குள்ள வேணா செருப்போட போ. இங்க ஏறினா காலை ஒடிச்சிருவேன்" என்று கத்துவார். அந்தக் கோபம் பழசு. விழுந்து பார்க்கிற பழக்கம் மட்டும் புதுசு. போன அக்டோபரில், தெமெத்ரியோ செத்த பிறகு தொற்றிக்கொண்டது.

தெமெத்ரியோ பஸ் கண்டக்டர், சனிக்கிழமையில் குத்துச்சண்டைக்காரன். இருபத்து நாலு வயசு. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அவன் ஊர்ப் பெயர்களைக் கூவுவது பாட்டு மாதிரி இருக்கும். ஏழாவது சுற்றில் ஆப்தியேல் என்கிற பையன் இடது கையால் தாடையில் ஒன்று விட்டான். தெமெத்ரியோ பின்பக்கமாகச் சாய்ந்து, பிடரி தரையில் பட விழுந்தான். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தான். ஐந்தாம் நாள் பஸ்ஸெல்லாம் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஓடின.

ஏன் செத்தான் என்பதில்தான் குழப்பம். ஒரு டாக்டர் அடி என்றார். இன்னொரு டாக்டர் விழுந்ததுதான் என்றார். எடையைக் குறைக்க இரண்டு நாள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதனால்தான் என்று பேப்பரில் வந்தது. நடுவர் முன்பே நிறுத்தியிருக்கணும் என்று முடிவெட்டுகிற கடையில் தீர்ப்பு எழுதினார்கள். செல்போனில் எடுத்த படம் ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. அதில் விழுகிற நேரம் பார்த்து நடுவரின் முதுகு குறுக்கே வந்து நிற்கிறது. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் முதுகுதான் தெரிகிறது.

மூன்று மாசம் அரங்கத்தைப் பூட்டினார்கள். டிவிக்காரர்கள் போனவர்கள் போனவர்கள்தான். பத்துச் சுற்று எட்டானது. டார்ச் லைட்டோடு ஒரு டாக்டர் ரிங் ஓரம் உட்கார ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஒருவன் விழுந்தால் ஊரே எழுந்து நின்று கூச்சல் போடும். இப்போது யாராவது விழுந்தால் அரங்கத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்கிறது. மரவள்ளி வடை விற்கிற பெண்கள்கூட எண்ணெய்க் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். விழுந்தவன் எழுந்துவிட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பும் சரியாக இல்லை.

கடைசியில் சண்டை ஆணையத்தார் கூடிப் பேசித் தரையைப் பிடித்துக்கொண்டார்கள். அடிக்கிறவன் கையைத் திருத்த முடியாது, வாங்குகிறவன் தலையைத் திருத்த முடியாது, தரையைத் திருத்தலாமில்லையா? விரிப்பு இரண்டு மடங்கு தடிமன் இருக்கவேண்டும் என்று தாள் வந்தது. எலாடியோவும் போட்டார். போட்ட முதல் சனிக்கிழமையே பையன்கள் மணலில் நடக்கிற மாதிரி நடந்தார்கள். நாலாவது சுற்றுக்குள் கால் செத்துவிட்டது. ஒருவன் பாதம் புதைந்து பின்வாங்க முடியாமல், மூலையில் சிக்கி ஒன்பது குத்து வரிசையாக வாங்கினான்.

"மெத்தையா போட்டு வச்சிருக்கே? படுத்துத் தூங்கவா?" என்று அவனுடைய பயிற்சியாளர் சண்டைக்கு வந்தார்.

"கெட்டியா போட்டா மண்டை போகுதுங்கறான். மெத்துன்னு போட்டா காலு போகுதுங்கறான். நான் என்னய்யா பண்ணட்டும், ஆகாசத்துலயா ரிங்கு கட்டட்டும்?" என்றார் எலாடியோ. அன்றிலிருந்து ஊரில் அவருக்கு மெத்தைக்காரர் என்று பெயர்.

எது சரி என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "எனக்குத் தெரியாதுப்பா. விழுந்து பாத்தாத்தான் தெரியும்." ஆனால் விழுந்து பார்த்தும் தெரியவில்லை. அதுதான் அவரை அரிக்கிறது. முழித்துக்கொண்டு விழுகிறவன் எப்படியும் கையை ஊன்றிவிடுகிறான், தோளைக் கொடுத்துவிடுகிறான். தெமெத்ரியோ அப்படி விழவில்லை. நினைவு போன பிறகு விழுந்தவன். நினைவோடு இருக்கிற ஒருவர் நினைவில்லாதவன் மாதிரி விழுவது எப்படி? ஒருநாள் வீட்டில் மனைவி ஓதிலியாவிடம் துணி காயப்போடுகிற கயிற்றைக் கொடுத்து, கையைப் பின்னால் கட்டிவிடச் சொன்னார்.

"கட்டிவிடறேன். அப்படியே கட்டில் காலோட சேத்துக் கட்டிடறேன். வயசான காலத்துல மண்டைய ஒடச்சுக்கிட்டு வந்தா உனக்குக் கஞ்சி ஊத்தறது நானா, உன் ஆணையமா?" என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள் அவள்.

ஓதிலியாவுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. தெமெத்ரியோ விழுந்த அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் ராத்திரி பேய்மழை. கூரை ஒழுகி, நீல மூலைப் பக்கம் விரிப்பு நனைந்துவிட்டது. நனைந்த கம்பளி காய்ந்தால் பலகை மாதிரி இறுகிவிடும். மாற்று விரிப்பு இல்லை. எலாடியோ அதைத் திருப்பிப் போட்டு, மேலே கித்தானை இழுத்துக் கட்டிவிட்டார். தெமெத்ரியோ விழுந்தது அந்த இடத்திலா, ஒரு முழம் தள்ளியா? அவர் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கென்று குனிந்து, தளர்ந்த கயிறு ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து இரண்டு சத்தம் கேட்டது. முதல் சத்தம் அடித்த கை, இரண்டாவது தரையில் பட்ட தலை. எது பெரிய சத்தம்? சில நாள் முதலாவது பெரிதாகக் கேட்கிறது. சில நாள் இரண்டாவது. ஒரு வருஷமாக அந்த மனுஷருக்கு இதே வேலையாக இருக்கிறது, பாவம்.

இந்த வாரம் வியாழக்கிழமை ஆப்தியேலின் மனைவி யாரிபெத் வீட்டுக்கு வந்தாள். எலாடியோ தேங்காய்ச் சோறும் பன்றிக்கால் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"மாஸ்டர், சனிக்கிழமை அவரு ரிங்குல ஏறறாரு. எதிர்ல தாவித் ஊர்லேர்ந்து வர்ற பையன். அவன் அடிச்சா மாடு விழுமாம்."

"கேள்விப்பட்டேம்மா."

"இவரு அடிக்கவே மாட்டேங்கறாரு மாஸ்டர். அது நடந்ததுக்கப்புறம் ரெண்டு சண்டை. ரெண்டுலயும் தூங்கற குழந்தை இருக்கிற வீட்டுக் கதவத் தட்டற மாதிரி தட்டறாரு. அடி வாங்கிட்டு வந்து நிக்கறாரு. வேணாம், விட்டுடுன்னா, கண்டெய்னர் யார்டுல ஒரு மாசம் மூட்டை தூக்கிப் பாத்துட்டு எனக்கு வேற எதுவும் வராதுங்கறாரு. ஏறி நிப்பாரு, ஆனா அடிக்கமாட்டாரு. நாளன்னிக்கு அவன் இவரக் கொன்னுடுவான்."

எலாடியோ கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க தரையாலதான் தெமெத்ரியோ செத்தான்னு அவருகிட்ட சொல்லுங்க. உங்களுக்கென்ன, வயசாயிடுச்சு. யாரும் உங்கள ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அவருக்கு முப்பதுகூட ஆகல."

அவள் போன பிறகு ஓதிலியா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "சொல்றதுன்னா தெளிவாச் சொல்லு. உன் வழக்கம்போல 'எனக்குத் தெரியாதுப்பா'ன்னு இழுத்தே, அந்தப் பொண்ணு பாவம் உன் கழுத்தச் சுத்தும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யா அது?"

அதுதானே சிக்கல்? பொய்யா மெய்யா என்று தெரிந்தால் ஒன்று துணிந்து சொல்லலாம், இல்லை வாயை மூடிக்கொள்ளலாம். இரண்டும் தெரியாத மனுஷர் என்ன செய்வார்? அன்று ராத்திரி முழுக்கக் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்து ஓதிலியாவையும் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை, தரை போட்டு முடிக்கிற நேரத்தில் ஆப்தியேலே வந்துவிட்டான். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். ஒரு வருஷத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நேராக நீல மூலைக்குப் போகவில்லை; நடுவுக்கும் மூலைக்கும் இடையில் ஓரிடத்தில் போய் நின்றான். எலாடியோ அவன் காலடியைப் பார்த்தார். 'இவன் நிற்கிறது அந்த இடம்தானா? எதிரில் நின்று அடித்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்?' அந்த இடம் நனைந்த விரிப்பின் ஓரத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று கண்ணால் அளந்து பார்த்தார். போன வருஷ விரிப்பு இப்போது இல்லை. அளக்க என்ன இருக்கிறது?

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு தம்பி."

"எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன். டாக்டர், கோச்சு, பாதிரியார். ஆளுக்கொண்ணு சொல்றாங்க. தெமெத்ரியோ அம்மாகிட்டயும் போனேன். அந்தம்மா காப்பி குடுத்துச்சு. நீங்க சொல்லுங்க. அது என் கையா, உங்க தரையா?"

எலாடியோ கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். தரை என்று சொன்னால் நாளைக்கு இவன் அடிப்பான். அடிக்கட்டும், பிழைக்கட்டும். ஆனால் தாவித்திலிருந்து வருகிற அந்தப் பையனுக்கும் கழுத்துக்கு மேலே ஒரு தலைதானே இருக்கிறது? அவனையும் ஒருத்தி பெற்றிருப்பாளே! கை என்று சொன்னால் இவன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். தெரியாது என்று சொன்னாலும் அதே கதை. இந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது, அந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. யாரோ தம்மைப் பிடித்துச் சுற்றிவிட்டு நடக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

"தரைதான்" என்றார்.

ஆப்தியேல் குனிந்து தன் காலடியைப் பார்த்தான்.

"தரைதான்டா. முதல் நாளு மழை. இங்க விரிப்பு நனஞ்சுபோச்சு. நான் திருப்பிப் போட்டுட்டேன். இறுகிப்போய் கல்லு மாதிரி கெடந்திருக்கும். உன் அடி சாதாரண அடி. பத்து எண்ணறதுக்குள்ள எந்திரிச்சிருப்பான்."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

"ஒரு வருஷமாச்சு. ஏன் மாஸ்டர் இத்தன நாளு சொல்லல?"

"பயம்" என்றார் எலாடியோ. அது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

ஆப்தியேல் கயிற்றைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தான். கோபம் வரும், எழுந்து தம்மை நாலு சாத்துவான் என்று எலாடியோ எதிர்பார்த்தார். சாத்தினால் நல்லது என்றுகூடத் தோன்றியது. அவன் அழுதான். மூக்கைச் சிந்திக்கொண்டு, தோள் குலுங்க, வெட்கமில்லாமல் அழுதான். அழுது முடித்தபோது அவன் முகத்திலிருந்து ஒரு சுமை இறங்கியிருந்தது. அதைப் பார்த்து எலாடியோவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதே நொடியில் பயமாகவும் இருந்தது.

"நாளைக்கு நல்லா ஆடறேன் மாஸ்டர்" என்று எழுந்தான் ஆப்தியேல். "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. தெரிஞ்சு செய்யலையே நீங்க." பெரியவருக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினான்.

எலாடியோ இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருடா, நல்லா இரு" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அவருடைய கட்டைவிரல் அவன் இடது கையின் விரல் முட்டிகள் மேல் போய் நின்றது. பலகை எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற மாதிரி முதல் முட்டியை அழுத்திப் பார்த்தது. அடுத்ததற்கு நகர்ந்து, அதையும் அழுத்தியது. நாலாவது முட்டி வரைக்கும் போய்விட்டு, மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, ஆரம்பித்தது. ஆப்தியேல் கையை இழுத்துக்கொள்ளாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.