மருந்துக்காரர் வீட்டுக் கும்பிடுபூச்சிகள்

ஊரிலுள்ள கரப்பான்பூச்சிகளுக்கெல்லாம் எமன் என் அக்கா வீட்டுக்காரர். வீடு வீடாக, கடை கடையாகப் போய்ப் பூச்சி மருந்து அடிப்பது அவர் வேலை. தெருவில் அவருக்குப் பெயரே மருந்துக்காரர்தான். ஆனால் சொந்த வீட்டில் ஒரு சொட்டு மருந்து அடிக்க விடமாட்டார். "பிள்ளைங்க புழங்குற இடம்" என்பார். அங்கே கரப்பான்பூச்சிகள் மீசையை முறுக்கிக்கொண்டு நடமாடும்.

வேலை முடிந்து வந்தால் முன்வாசல் பக்கமே வரமாட்டார். தோட்டத்து வழியாகப் பின்பக்கக் குளியலறைக்குப் போய், சட்டையைத் தனி வாளியில் ஊறப்போட்டு, இரண்டு முறை சோப்பு தேய்த்துக் குளிப்பார். அதுவரை பிள்ளைகள் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும். குளித்து வந்ததும் முதல் வேலை, சின்னவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வது. நாள் முழுக்க விஷத்தோடு மாரடிக்கும் மனிதருக்கு அந்த ஐந்து நிமிடம்தான் எல்லாமே. எனக்கோ அவருடைய சுத்தம் கொஞ்சம் ஓவராகத் தெரியும். அடுத்த வீட்டிலேயே இருக்கிற கொழுந்தியாள் என்கிற உரிமையில் வாய்க்கு வந்தபடி கேலி செய்வேன்.

ஒரு நாள் ரோஜாச் செடித் தண்டில் காய்ந்த நுரைபோல ஒட்டியிருந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. பக்கத்து இலையில் பெரிய பூச்சி ஒன்று கைகூப்பி உட்கார்ந்திருந்தது.

"யாரைப்பா கும்பிடுது?" என்றான் மூத்தவன்.

"கும்பிடுதாவது! சாப்பாடு எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்கு. தலையை மட்டும் திருப்பி எப்படி முறைக்குது பாரு, உங்க சித்தி மாதிரியே."

அன்றிலிருந்து பிள்ளைகளுக்குப் பல் துலக்குவதே ரோஜாச் செடி முன்னால்தான் என்றாகிவிட்டது.

அது ஒரு சனிக்கிழமை மதியம். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளைகளுக்கு நான் காவல். மாமா தோட்டத்துக் கதவைத் திறந்தபோது இரண்டும் ஒரே கத்தல்.

"அப்பா, ஓடி வாங்க! குஞ்செல்லாம் வெளிய வருது!"

கூட்டிலிருந்து நூல்போல இறங்கிக்கொண்டிருந்தன, கொசு அளவுக்குப் பொடிப்பொடியாக. தண்டில் எறும்புச்சாரை ஏறிக்கொண்டிருந்தது. மாமா தயங்கினார்.

"குளிச்சிட்டு வந்துடறேன்."

"அதுக்குள்ள எறும்பு தின்னுடும் மாமா. ஒரு நிமிஷத்துல என்ன குடி முழுகிடப் போகுது?" என்றேன். நான்தான் சொன்னேன்.

அவர் வந்தார். கையைச் செடியோரம் நீட்டினார். பத்திருபது குஞ்சுகள் சட்டைக்கையில் ஏறின. அடுத்த செடிக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. சின்னவள் சந்தோஷம் தாங்காமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த செடியை எட்டுவதற்குள் ஒன்று மல்லாந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. காலை உதறி, உடம்பை முறுக்கி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தினமும் கடைகளிலும் கிடங்குகளிலும் அவர் பார்க்கிற அதே சாவு. அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எறும்பு கடிச்சிருக்கும்" என்று சமாளித்தேன்.

"இல்ல. அப்பா சட்டையில மருந்து இருந்துச்சு" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

சின்னவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானும் உங்க சட்டையைத்தானே புடிச்சேன். நானும் செத்துப்போயிடுவேனாப்பா?"

"ஒண்ணும் ஆகாதுடா கண்ணு" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் அவள் கையைக் கழுவிவிட்டேன். அவளும் நம்பிவிட்டு, மிச்சமிருந்த குஞ்சுகளைத் தேடப் போய்விட்டாள்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தவர் அவளைத் தூக்கவில்லை. இடுப்பு வலி என்றார். அதற்கடுத்த நாளும் அதே இடுப்பு வலி. மருந்து டப்பாவை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு தவறாமல் வேலைக்குப் போனார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அசையவில்லை. ஒரு மாதம் வரைக்கும் சின்னவள் கையை உயர்த்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.