பழுப்புத் தலைக் கடற்காகம்

பிள்ளைகளே, இன்று ஈப்போ சந்தையில் கருவாட்டு வாடை மூக்கில் ஏறியதும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஹுத்தான் மெலிந்தாங் ஆற்றங்கரையில் மீன்குடல் வீசும் படகுகளின் பின்னால் கத்திக்கொண்டே தாழப் பறந்த கடற்காகங்களும், பிறகு ஆறு கரைத்துக்கொண்டு போய்விட்ட பலகைத் துறையும் நினைவுக்கு வந்தன.

சிவந்த அலகும் சிவந்த காலும் பழுப்புத் தலையுமாக அவை வடக்கே கிளம்பிய நாளில்தான் என் அப்பாவும் இந்தியாவில் இருந்த ஊருக்குக் கப்பலேறப் போனார்.

"இதுங்க திரும்பி வாரப்போ நானும் வந்திருவேன்லா," என்றார் அம்மாவிடம்.

மழைக்காலத்தில் பறவைகள் வந்தன. ஆனால் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு கரும்பொட்டு.

"இது பொட்டு வச்ச வேற சாதிடி. நம்ம பறவை இன்னும் வரல," என்று, 'பறவை வந்திருச்சு' என்ற அக்காவை அதட்டிவிட்டு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி வந்த களைப்போடு அம்மா மாலைதோறும் துறையில் நின்றாள்.

மாதங்கள் போகப்போக, அந்த வெள்ளைத் தலைகளிலேயே பழுப்பு திட்டுத்திட்டாக ஏறியது.

"அம்மா, அதே பறவைங்கதான். வந்து ரொம்ப நாளாச்சு," என்றாள் அக்கா.

தலை முழுக்கப் பழுப்பானதும் கூட்டம் மறுபடியும் வடக்கே போய்விட்டது. அன்று மாலை அம்மா துறைக்குப் போகாமல், அப்பாவுக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து, இரண்டாகக் கிழித்து, பால்வாளி துடைக்க வைத்துக்கொண்டாள்.